பயனாளி என்றொரு பெயர்

விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருவேல்பட்டு என்றொரு ஊர் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணம் கேட்டு மக்கள் சாலையை மறித்தபோதுதான் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். பொருளாதாரம் படித்தவர்களுக்கு அது பழைய பெயர். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அனுப்பி ஆய்வு செய்த கிராமங்களில் அதுவும் ஒன்று. 1918இல் வந்த அவருடைய நூலில் அது 'எருவெள்ளிப்பேட்டை'. பிறகு 1930களிலும் 1981இலும் 2008இலும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போனார்கள்.

அந்த நூற்றாண்டுக் கதையின் தொடக்கத்தில் நிற்பவர் படியாள். ஆண்டையின் நிலத்தோடு தலைமுறையாகக் கட்டுண்டு, நெல்லாகக் கூலி அளக்கப்பட்டவர். 'படியாள்' என்றால் நம் மனதில் வருவது ஓர் ஆண்தான். ஆனால் படியாள் ஒருவரை வைத்தால் ஆண்டைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு. மாட்டுக்கொட்டகை கூட்டுவதும் சாணி அள்ளுவதும் அவர் மனைவியின் தலையில் விழும். அதற்குத் தனிப் படி கிடையாது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பைப் பற்றி எழுத வந்து படியாளில் தொடங்கக் காரணம் இருக்கிறது. கணக்கில் யார் பெயர் ஏறுகிறது, எந்தப் பெயரில் ஏறுகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்த வட்டாரத்துக்குக் கம்பெனி புதிதல்ல. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1842இலேயே சர்க்கரை ஆலையைத் தொடங்கியது. 1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானபோது, கரும்பு அதன் முக்கியமான பணப்பயிர்களில் ஒன்றாக இருந்தது. ஏறக்குறைய ஓராண்டு வயலில் நின்று நெல்லைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் பயிர் அது. கிணறு வற்றி ஆழ்குழாய் இறங்கிய ஊர்களில் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடுதல் தூரம் நடந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கரும்பு வெட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் ஏற்பாடு தெரியும். எப்போது வெட்டுவது என்பதை ஆலை சொல்லும். வெட்டும் ஆட்களை முன்பணம் கொடுத்து அழைத்து வருபவர் மேஸ்திரி. வெட்டுக்கூலி விவசாயியின் செலவு. கணவன் வெட்டுவான், மனைவி சோகை உரித்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாக வண்டிக்குக் கொண்டுபோவாள். கூலி டன் கணக்கில். அதைப் பெரும்பாலும் கையில் வாங்குகிறவன் கணவன். அவளுடைய முதலாளி யார் என்று கேட்டால் ஆலை விவசாயியைக் காட்டும், விவசாயி மேஸ்திரியைக் காட்டுவார். திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து இருளர் குடும்பங்கள் இப்படி முன்பணம் வாங்கி வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போய் மீள முடியாமல் நின்றதும், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மீட்கப்பட்டதும் இந்த மாவட்டத்துக்குப் புதிய செய்தி அல்ல.

மகாராஷ்டிரத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயரே உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள். இரண்டு உடம்புக்கு ஓர் அரிவாள் கணக்கு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய்க்கும் விலக்கு இல்லை. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கருப்பையை அகற்றிக்கொள்வது செய்தியானபோது, 2019இல் மாநில அரசு ஒரு குழு அமைத்துக் கணக்கெடுத்தது. 82,000க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியலில் பாலினச் சமத்துவம் இருக்கிறது, மண்ணும் நீரும் இருக்கின்றன. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் இருக்கிறது. படித்தால் நல்ல பட்டியல்தான்.

சட்டத்தின் ஓரங்களையும் படிக்க வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது இந்தக் கணக்கில் சேராது. வழக்கமான தொழில் நடவடிக்கையும் சேராது. நியாயமான விதிகள், சம்பளத்தைத் தர்மம் என்று எழுதிவிடக் கூடாதல்லவா? ஆனால் சோகை உரிக்கும் பெண்ணை இவற்றின் நடுவே நிறுத்திப் பாருங்கள். அவள் ஆலையின் ஊழியர் இல்லை. அவள் கூலி ஆலையின் கணக்கிலும் இல்லை. மருத்துவ முகாம் நடந்தால் மட்டும் அவள் ஆலையின் ஆண்டறிக்கைக்குள் வரலாம், 'பயனாளி'யாக. இரண்டு விழுக்காடு லாபத்திலிருந்து பிரிகிறது. லாபம் வந்த வழியை இந்தப் பிரிவு கேட்பதில்லை. அதைக் கேட்க வேறு சட்டங்கள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன, முதலாளி யார் என்று முடிவாகாத இடத்தில் அவையும் கைகட்டி நிற்கின்றன.

கொடுத்ததும் எப்படி நின்றது? பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் தனிக் கழிப்பறை கட்டித்தர வேண்டும் என்று 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார். பொதுத்துறை நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியதாகக் கணக்குக் காட்டின. 2020இல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வந்தது. நேரில் ஆய்வு செய்து, கட்டப்பட்டிருக்கக் கண்ட கழிப்பறைகளில் 72 விழுக்காட்டில் உள்ளே தண்ணீர் வரவில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு சட்டம் இருந்தது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் சேர்ந்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பல ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வேலை நாட்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்களுடையவை. ஊரில் 'ஏரி வேலை' என்றே பேர் வந்துவிட்டது. கூலி பாக்கி, அளவு போதவில்லை என்று பிடித்தம், மேற்பார்வையாளரின் ஏச்சு எல்லாம் இருந்தன. கோடையில் நிழல்கூட இருந்ததில்லை. ஆனாலும் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் குறைபட்டுக்கொண்ட அளவுக்கு, வேறு ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லி வேலையை மறுக்க முடிந்தது. படியாளின் மனைவிக்கு இல்லாத சொல் அது. 'நிலைத்த வளர்ச்சி' என்ற சொல்லை 1987இல் உலகெங்கும் கொண்டுபோன ஐ.நா. ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் என்ற பெண். அவர் பெயரைக் கேள்விப்படாத பெண்கள் இங்கே ஏரியில் வண்டல் அள்ளினார்கள்.

திண்டிவனத்துக்கு அருகே ஓர் ஏரிக்கரையில் இரண்டு பலகைகளைப் பார்த்தேன். ஒன்று புதிது: கம்பெனியின் சின்னம், கொள்ளளவு இத்தனை லிட்டர் கூடியது, பயனாளிகள் இத்தனை பேர். வண்டலை அள்ளியது ஜே.சி.பி. கரையின் மறுபக்கத்தில் சிமெண்டில் கட்டிய பழைய பணித்தளப் பலகை, மஞ்சள் வண்ணம் உரிந்து கிடந்தது. மதிப்பீட்டுத் தொகை அழிந்துவிட்டது. 'மனித உழைப்பு நாட்கள்' என்ற வரியும் அதன் கீழே ஒருநாள் கூலியும் மட்டும் இன்னும் படிக்க முடிந்தன.