மடியில் கிரீடம்

சென்ற வாரம் வாசகர்களைக் குண்டறையின் வாயிலில் நிறுத்திவிட்டு வந்தேன்; ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்துத் திருவிதாங்கூர் மந்திரி வேலுத்தம்பி தளவாய் அங்கே வெளியிட்ட விளம்பரத்தை இந்த வாரம் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோதோ, கொச்சி மந்திரி பாலியத்து கோவிந்தன் அச்சன் குறுக்கே வந்து நின்றுகொண்டார். அவரை விலக்கிவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1555-ல் போர்த்துக்கீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்து, பின்னால் டச்சுக்காரர் பழுது பார்த்த ஒரே காரணத்தால் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர் பெற்றுவிட்ட மட்டாஞ்சேரி மாளிகைக்குப் போகிறவர்கள் பள்ளியறைச் சுவரில் ராமாயண சித்திரங்களைப் பார்த்து மயங்குவார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் செடிச்சாறும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து இழைத்த அந்தத் தரை, கறுப்புச் சலவைக்கல்லோ என்று ஐயுறும்படி மின்னுகிறது. பூர்விகமான வன்னேரியைக் கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் இழந்த துக்கத்தால், அதை மீட்கும்வரை முடி தரிப்பதில்லை என்று விரதம் பூண்டு, பட்டாபிஷேகத்தன்றும் கிரீடத்தைத் தலையில் சூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்ட வம்சம், அந்தத் தரையில் நடந்த கொச்சி ராஜவம்சம்.

அந்த வம்சத்துக்குப் பரம்பரை மந்திரிகள் சேந்தமங்கலத்துப் பாலியத்தார். ‘கொச்சியில் பாதி பாலியம்’ என்பது அந்நாட்டு வழக்கு. அப்படிப்பட்ட குடியில் பிறந்த கோவிந்தன் அச்சன், 1805-ல் பட்டத்துக்கு வந்த ராமவர்மரிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: அரசர் தம் சொல்லைக் கேட்கவேண்டும். அரசரோ சம்ஸ்கிருதத்தில் பண்டிதர், ராஜ்ய காரியத்தில் பலஹீனர். அவருடைய காது நடவரம்பத்து குஞ்ஞுகிருஷ்ண மேனோன் பக்கமாகச் சாய்ந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோள் கொடுத்த குடியை விட்டு நேற்று வந்த ஒருவனிடம் அரசர் அந்தரங்கம் பேசுகிறார் என்று கண்ட அன்றே அச்சனுடைய மனம் முறிந்தது என்பது என் அபிப்பிராயம்.

இதனால் அவரைத் தியாகியாக்கிவிடும் நூலாசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சேனாபதியையும் முன்னாள் மந்திரி ஒருவரையும் பிடித்துச் சேந்தமங்கலத்து ஆற்றில் மூழ்கடித்தவர் இவர் என்று கொச்சிச் சரித்திரம் சொல்லுகிறது. அடுத்த முறை மேனோனுடையது என்று அரசர் நடுங்கினார். நடுங்கியவர் செய்த காரியம் அதைவிட மோசம்: தம் அன்பனைக் காப்பாற்றும்படி கும்பினியின் ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயிடம் ஒப்படைத்தார். (நமக்கு ஆங்கிலக் கல்வி விதித்த மெக்காலேக்கு இவர் பெரியப்பா; ஹைதர், திப்பு காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர்.) வீட்டுச் சண்டைக்கு வெள்ளைக்காரனைப் பஞ்சாயத்துக்கு அழைத்த பிறகு வீடு யாருடையது?

அச்சன் தளவாயோடு கைகோத்தது இந்தக் கட்டத்தில்தான். 1808 டிசம்பர் 28-ந் தேதி இரவு நாயர் படை ரெசிடெண்டின் மாளிகையை வளைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, மெக்காலேயையும் மேனோனையும் அறை அறையாகத் தேடிற்று. மெக்காலேயோ கீழ்த்தளத்து மறைவிடமொன்றில் மூச்சடக்கிக் கிடந்தார். பொழுது விடிந்தது, துறைமுகத்தில் கும்பினிக்கு உதவியாக ஆங்கிலக் கப்பல் தென்பட்டது, தேடப்பட்ட இருவரும் தப்பி அதில் ஏறிவிட்டார்கள். ஓர் இரவின் தேடல் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து யோசித்து நான் தூக்கம் கெட்டதுண்டு.

பிறகு நடந்தவை விரைவாகவே நடந்தன. ஜனவரியில் ராமவர்மர் வெள்ளாரப்பள்ளியில் காலமானார். அதே மாதம் கொச்சியில் கும்பினிப் படையைத் தாக்கியவர்கள் தோற்றார்கள். பிப்ரவரிக் கடைசியில் அச்சன் தளவாயைக் கைவிட்டுச் சரணடைந்தார். அரசரிடம் கசந்தவர் நண்பரையும் கசக்கவைத்துவிட்டார். கும்பினியார் அவரைச் சென்னைக்கு நாடுகடத்தினார்கள். கடைசியில் காசியில் அவர் உயிர் பிரிந்தது. 1809 மே 6-ந் தேதி உடன்படிக்கையின்படி, லட்ச ரூபாயாக இருந்த கொச்சியின் கப்பம் வருஷத்துக்கு 2,76,037 ரூபாயாயிற்று. அதை வசூலித்துச் செலுத்தும் திவான் பதவியில், பாலியத்தார் பரம்பரையாக இருந்த இடத்தில், ரெசிடெண்டின் தயவால் அமர்ந்தவர் குஞ்ஞுகிருஷ்ண மேனோன்.

பக்கம் நிரம்பிவிட்டது. குண்டறைக்கு அடுத்த வாரம் போவோம், தளவாய் மன்னிப்பாராக.