தோலுறை சொல்லும் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் நெஞ்சில் கோட்டைகளும் கொடிகளுமே எழுகின்றன. மனிதன் நாள்தோறும் கையால் பற்றும் எளிய பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏர்ப்பிடிக்கு அது உண்டு, துடுப்புக்கு உண்டு, நம் ஓட்டுநர்கள் ‘ஸ்டேரிங்’ என்றழைக்கும் சக்கரத்துக்கும் உண்டு. வெம்மையும் ஈரமும் மிக்க பினாங்கில், உள்ளங்கை வியர்க்க வியர்க்கக் கார் ஓட்டியவருக்கு அச்சக்கரத்தின்மேல் ஒரு தோலுறை ஏன் வேண்டும் என்று விளக்கவேண்டியதில்லை. ஆயினும் அவ்வுறை வெறும் அலங்காரம் அன்று. அதன் தையலைப் பிரித்துப் பார்த்தால், நம்மவர் கைகளின் கதையொன்று உள்ளே மறைந்து கிடப்பதைக் காணலாம்.

1894ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நகரத்தார் காரைக்குடியிலிருந்து தருவித்த வெள்ளி இரதம் ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்ந்தது அவ்வாண்டில்தான். காளைகள் பூட்டிய அந்த இரதம் தைப்பூசத்தையொட்டி முருகப் பெருமானைச் சுமந்து நகர்வலம் வரும் காட்சியை அறியாத பினாங்குத் தமிழர் இல்லை. அதே ஆண்டு சூலைத் திங்களில், பிரான்சு நாட்டின் பாரிசிலிருந்து ருவான் நகர்வரை குதிரையில்லா வண்டிகளுக்கென ஒரு போட்டி நடைபெற்றது. அதில் கலந்துகொண்ட ஆல்பிரட் வசெரோன் என்பவர், படகின் சுக்கான்தண்டு போன்ற பழைய பிடியை நீக்கிவிட்டு, தம் பனார் வண்டியில் வட்டமான சக்கரம் ஒன்றைப் பொருத்தி ஓட்டினார். ஸ்டேரிங் சக்கரத்தின் வரலாற்றை அறிஞர்கள் அங்கிருந்தே தொடங்குவர்.

அன்றைய ஜார்ஜ் டவுன் வீதிகளில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ரிக்‌ஷாவும் ஓடின. குதிரை வண்டிக்காரரின் கையில் இருந்தது தோல்வார். திசை காட்டியதும் தோல்; பிடிப்புத் தந்ததும் தோல். மோட்டார் வண்டி வந்தபோது வார் கையை விட்டு நழுவி, மரவளையம் கைக்கு வந்தது.

மரத்தை அடுத்து வந்தது கெட்டி ரப்பர். ரப்பரோடு மிகுதியான கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது மரம்போல் இறுகிவிடும். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் முன்னோர் சீவிய பால்மரங்களின் விளைச்சல் பினாங்குத் துறைமுகத்தின் வழியாகவும் மேனாடு சென்றது. அதில் ஒரு சிறு பங்கு ஸ்டேரிங் வளையமாக உருமாறி இங்கேயே திரும்பி வந்திருக்கவும் கூடும். பின்னர் பிளாஸ்டிக் வளையங்கள் வந்தன. பளபளத்த அவை வெயிலில் காய்ந்து வெடித்தன, வியர்வையில் வழுக்கின.

ஓட்டுநருக்கு அது சிறு குறையன்று. எண்ணெய் அழுத்தத்தின் துணையால் சக்கரத்தை எளிதில் திருப்பும் ‘பவர் ஸ்டேரிங்’ 1951இல்தான் அமெரிக்கக் கிரைஸ்லர் கார்களில் விற்பனைக்கு வந்தது. அத்துணை கிட்டாத வண்டிகளில் பாரத்தையெல்லாம் தாங்கியவை ஓட்டுநரின் தோளும் உள்ளங்கையுமே. 1925 முதல் 1961 வரை ஜார்ஜ் டவுனில் டிராலி பஸ்கள் ஓடிய செய்தி நூல்களில் இருக்கிறது. அக்காலத்து ஓட்டுநர்களின் கைகளில் ஏறிய காய்ப்பை எந்த நூலும் அளந்து வைக்கவில்லை.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் காரான புரோட்டோன் சாகாவும் அதே ஆண்டில் வெளிவந்தது. கார் செல்வர்களின் தனியுடைமை என்ற நிலை மெல்ல மாறியது. பாடுபட்டு வாங்கிய வண்டியை அழகு செய்து பார்க்க விரும்புவது மனித இயல்பு. அழகுக்கும் பிடிப்புக்கும் ஒருங்கே துணையாகத் தோல் மீண்டும் ஓட்டுநரின் கையைத் தேடி வந்தது.

அத்தோலைப் பதனிடும் கலையில் தமிழகம் பெயர் பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இத்தொழிலால் வளர்ந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயருடன் இலண்டன் சந்தையில் விலைபோயிற்று. 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. ஆனால் புகழ் தோலுக்குப் போயிற்று. பழியோ அதை உரித்துப் பதனிட்டவர் தலையில் விழுந்தது. தொழிலைக் காட்டி மனிதரை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். அந்த இழிவு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தோட்டத்து லயங்களிலும் சாதி பார்த்துக் குடியமர்த்தியதுண்டு. தோலைத் தொட்டவரைத் தொடாதே என்ற சமுதாயம், இன்று அதே தோலை விலைகொடுத்து வாங்கி இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறது. இந்த முரண்பாட்டை எண்ணி நாம் நாணவேண்டாமா?

உறையைப் பொருத்துவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வளையத்தின் குறுக்களவையும் பருமனையும் அளந்துகொள்ள வேண்டும். பல கார்களில் குறுக்களவு 37, 38 சென்டிமீட்டராக இருக்கும். எண்ணெய்ப் பசையைத் துடைத்து உலரவிட்டு, தோலை வெயிலில் சற்றே இளக்கி, வளையத்தின்மேல் இழுத்துப் பொருத்த வேண்டும். பின்பு மெழுகு தேய்த்த நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, உள்விளிம்பில் எதிரெதிராகத் தைத்து இறுக்க வேண்டும். குதிரைச் சேணம் தைத்தவர்கள் கையாண்ட இரட்டை ஊசி முறையே இது. நடுவிலிருக்கும் ஹாரனையும், புதிய வண்டிகளில் அங்கு மறைந்திருக்கும் காற்றுப்பையையும் தோல் மூடிவிடலாகாது. யாவற்றினும் முதன்மையானது இறுக்கம். உறை தளர்ந்திருந்தால், கை திருப்பும்போது உறை மட்டும் சுழலும். சக்கரம் அசையாது நிற்கும். பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலை வளைவுகளில் அந்த ஒரு நொடிக்கு உயிரே விலையாகக் கூடும். அழகை நாடி அமைத்த உறை ஆபத்தாக முடிதல் அறிவுடைமை ஆகாது.

ஜார்ஜ் டவுனில் ‘லோரோங் கூலிட்’ என்றொரு சந்து உண்டு. பழம்பொருள் சந்தையால் பெயர் பெற்ற இடம் அது. மலாய் மொழியில் ‘கூலிட்’ என்றால் தோல் என்று பொருள். அவ்வழியே செல்வோர் ஒரு கணம் தம் கைகளைப் பார்க்கட்டும். தோலுறை தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்று தைத்துக்கொள்ளலாம். பால்மரம் சீவிய கை, தோல் பதனிட்ட கை, வண்டி ஓட்டிய கை ஆகியவற்றின் கதையை இப்போதே எழுதி வைக்காவிடில், பின்னர் அதைத் தைத்துச் சேர்க்க எந்த நூலும் கிடைக்காது.