பெரக்கரை நாட்டுக்கு ஏறும் அரிசி

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று பெரக்கரை நாடு. காரவள்ளி வழியா மலைக்கு ரேஷன் அரிசி போகணும்னா 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும்.

ரேஷன் கடையை நாம 'அரசாங்கக் கடை' என்கிறோம். அரிசி அரசாங்கத்தோடது, சரி. ஆனா தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். பழங்குடியினர் பகுதிகளில் அதன் பெயர் 'லேம்ப்' சங்கம், கொல்லிமலையிலும் உண்டு. 1971-இல் மத்திய அரசு அமைத்த பாவா குழுவின் யோசனை அது: கடன், விதை, உரம், மளிகை, விளைபொருள் விற்பனை, எல்லாம் ஒரே கூரையின் கீழ். வட்டிக்காரரும் தரகரும் ஒதுங்கணும் என்பது கணக்கு.

ஏறுகிற சரக்கு நன்றாகவே ஏறியது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். இறங்க வேண்டிய சாமைக்குத்தான் ரேஷன் கடையில் இடமில்லை. சாமைக்காடுகள் பல மரவள்ளிக்கு மாறின. கிழங்கு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு.

இதைச் சங்கத்தில் யார் கேட்பது? 2013-இல் தேர்தல் நடக்கும்வரை தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை நெடுங்காலம் நடத்தியது அரசு நியமித்த தனி அலுவலர்கள். உறுப்பினருக்குக் கையில் ரசீது இருந்தது, ஓட்டு இல்லை.

அதுக்காக, அரிசி வந்ததே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சாமையை உரலில் குத்திய பெண்களுக்குத்தான் தெரியும் அந்த நிம்மதி. சாமை அரைக்கிற சிறு இயந்திரம் மலைக்கு வந்தது பிற்பாடு, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வழியாக, மகளிர் குழுக்களின் கைக்கு.