நூற்றி ஐந்தும் 1005ம்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இடமதிப்புக் கல்வியின் வரலாறு

முன்னுரை

‘நூற்றி ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால், தொடக்க வகுப்புக் குழந்தைகள் சிலர் 1005 என்று எழுதுவார்கள். நூறுக்கு 100, பக்கத்தில் ஒரு 5. காதில் விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிடுவது எளிது. ஆனால், தமிழில் எண்கள் எழுதப்பட்ட வரலாற்றை அறிந்தவருக்கு இந்தப் பிழையில் ஒரு பழைய ஒழுங்கு தெரியும். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அடங்கியிருந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதியை மையமாகக் கொண்டு, பதின்ம இடமதிப்பு நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுழியம் தேவைப்படாத எழுத்துமுறை

பழந்தமிழ் எண்முறையில் ௧ முதல் ௯ வரையான குறிகளோடு, பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன. 105 என்பது ௱௫. 205 என்பது ௨௱௫. 1825 என்பது ௲௮௱௨௰௫. வாய் சொல்லும் வரிசைதான் எழுத்தின் வரிசை. பத்து இல்லையென்றால் ௰ வராது, அவ்வளவுதான். காலியிடத்தைக் காட்ட ஒரு குறி வேண்டியிருக்கவில்லை.

சுழியத்துக்கான கணக்கு விதிகளைப் பிரம்மகுப்தர் 628இல் வகுத்துவிட்டார். குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு 270 என்ற எண்ணைச் சுழியத்தோடு காட்டுகிறது. எனினும் தமிழகக் கணக்கு தன் வழியிலேயே நடந்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டைப் போன்ற ஆவணங்கள் ஊர், நிலம், நெல் ஆகியவற்றின் கணக்கைப் பேசுகின்றன. நிலக்கணக்கின் உயிர் பின்னத்தில் இருந்தது: மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியையும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. பத்தில் ஒரு பங்குக்குக்கூட ‘இருமா’ என்றே பெயர். இத்தனை நுட்பமான கணக்கு, இடமதிப்பு எழுத்தின் துணையின்றியே நடந்தது.

திண்ணைப் பள்ளி

அந்தக் கணக்கின் களம் திண்ணைப் பள்ளி. மணலில் விரலால் எழுதிப் பழகியபின் ஓலை. எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வது அன்றாடக் கடமை. சொல்லச் சொல்லக் கேட்டுத் திருத்தச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இருந்தான். இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து தமிழ் கற்ற உ.வே. சாமிநாதையர், அக்காலக் கல்விமுறையை ‘என் சரித்திர’த்தில் விரிவாகப் பதிந்திருக்கிறார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் இந்த வழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், அதையே இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று 1797இல் நூலாக்கினார். தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்ததாகச் சொல்கிறது.

திண்ணைப் பள்ளியில் கணக்கு மனத்தில் போடப்பட்டது. எழுத்து, விடையைப் பதிந்து வைப்பதற்கே. ஆகவே எண் எந்த இடத்தில் நிற்கிறது என்ற கேள்வி மாணவனுக்கு எழவில்லை.

அச்சும் காசும்

பந்துலு இராமசாமி நாயக்கர் எழுதி 1825இல் அச்சான ‘கணித தீபிகை’, சுழியத்தையும் இடமதிப்பு எழுத்தையும் தமிழ்ப் பாடநூலுக்குள் கொண்டுவந்தது. மாற்றத்தின் பயனைச் சிலேட்டில் உடனே பார்க்கலாம். ௨௱௫ஐயும் ௪௰௭ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் எதன்கீழ் எது வர வேண்டும் என்பது தெளிவாகாது. 205, 47 என்று வலப்பக்கம் நேராக்கி எழுதினால் 5க்குக் கீழ் 7 வருகிறது, கூட்டினால் 12, 2ஐ வைத்துவிட்டு 1ஐ மேலே கொண்டுபோகலாம். எழுதியே கணக்கை முடிக்கும் பழக்கம் வந்தபோது இடமதிப்பு இன்றியமையாததாயிற்று.

பள்ளிக்கு வெளியே மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி. அன்றுமுதல் 100 நயாபைசா. ஓர் அணா 6.25 பைசாவாயிற்று. தொடர்ந்து பலமும் வீசையும் போய்க் கிலோகிராம் வந்தது. ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் 1585இல் பரிந்துரைத்த தசமக் கணக்கு, இப்படித்தான் நம் சந்தைக்கு வந்தது. கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பகுத்துப் பழகிய ஊர், பத்துப் பத்தாகப் பகுக்கக் கற்றுக்கொண்டது.

இன்றைய வகுப்பறை

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08இல் மாநிலம் முழுதும் பரவியது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. குச்சிக்கட்டும் மணிச்சட்டமும் கரும்பலகைக்குத் துணையாயின. இது பெரிய முன்னேற்றம், ஆனால் போதாது. பத்துக் குச்சிகளின் கட்டை வலப்பக்கம் வைத்தாலும் இடப்பக்கம் வைத்தாலும் அது பத்துதான். கட்டு தொகுப்பைக் கற்பிக்கிறது, இடத்தைக் கற்பிப்பதில்லை. ௰ என்ற குறி செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

இடத்தைக் கற்பிக்க அடுக்கட்டை வேண்டும். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையில் இது உண்டு. 100 என்ற நீள அட்டையின் கடைசிச் சுழியத்தின்மேல் 5 என்ற சிற்றட்டையை வைத்தால் 105. மேலட்டையை எடுத்தால் சுழியம் கீழே இருப்பது தெரியும். ‘நூறு எங்கே போயிற்று?’ என்ற கேள்விக்குக் குழந்தையே விடை சொல்லிவிடும்.

புள்ளிக்கு வலப்பக்கமும் இதே சிக்கல்தான். சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூர் வட்டாரத்துப் பிள்ளைக்கு மின்னணுத் தராசு புதிதல்ல. அதில் 1.050 என்றால் ஒரு கிலோ ஐம்பது கிராம், 1.50 என்றால் ஒன்றரைக் கிலோ. நடுவிலுள்ள சுழியம் 450 கிராம் வேறுபாட்டைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

தமிழ்க் குழந்தை எண்ணைக் கேட்டபடி எழுதுவது, நம் முன்னோர் நூற்றாண்டுக்கணக்கில் எழுதிய முறையோடு ஒத்துப்போகிறது. 1825இல் நூலில் நடந்த மாற்றம் மக்கள் கையில் காசாக வந்துசேர நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதையே ஏழெட்டு வயதுக் குழந்தை சில மாதங்களில் கடக்க வேண்டும் என்கிறோம். எனவே ஆசிரியர் பயிற்சியில் இந்த வரலாற்றுக்கு இடம் தர வேண்டும். 111, 234 போன்ற எண்களில் நின்றுவிடாமல் 105, 205, 350 போன்ற சுழியமுள்ள எண்களை முதல் வாரத்திலேயே அடுக்கட்டையில் அமைத்துக்காட்ட வேண்டும். பிழையாக எழுதிய பிள்ளையிடம் ‘எப்படி நினைத்து எழுதினாய்?’ என்று கேட்ட பிறகே திருத்த வேண்டும்.