பேசாமல் இருந்தால் சித்தி அல்ல



பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள்களைக் கட்டுமுன் எண்ணிப் பார்ப்போம். முப்பது பேர் எழுதினால் முப்பதும் இருக்க வேண்டும். இதே வழக்கம் நமது கைத்தொலைபேசிக்குப் பின்னாலும் இருக்கிறது.

அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் லினக்ஸ் கெர்னலில் இயங்குகின்றன. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதை இன்று உலகெங்கும் பலர் திருத்துகிறார்கள். திருத்தத்தால் ஏதும் பழுதானதா என்று பார்க்கச் சோதனை நிரல்களும் அதனுடனேயே உண்டு. ஆரம்பத்தில் அவை ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி முடிவு சொல்லின. அவ்வளவையும் மனிதர் வாசிக்க முடியாது. கணினி வாசிப்பதற்கோ ஒரே வடிவம் வேண்டும்.

வழி ஏற்கெனவே இருந்தது. 1987இல் லாரி வோல் வெளியிட்ட பேர்ள் மொழியின் சோதனைகள், முதலில் '1..5' என்று எண்ணிக்கையைச் சொல்லும். பிறகு 'ஓகே 1', 'நொட் ஓகே 2' என்று வரிசையாகச் சொல்லும். இதற்கு டேப் என்று பெயர் வந்தது. கெர்னல் சோதனைகள் 2017இல் இதற்கு மாறத் தொடங்கின. பின்னர் கேடேப் என்ற தனி வடிவமும் வந்தது.

பெறுமதி அந்த முதல் வரியில்தான். ஐந்து என்று சொல்லிவிட்டு மூன்றில் நின்றால் உடனே பிடிபடும். நடத்த முடியாத சோதனைக்கு 'ஸ்கிப்' என்று தனிக் குறிப்பு. வராத பிள்ளையை நாம் சித்தியடையாதவராகப் போடுவதில்லையே, அதுபோல.

வகுப்பில் பேசாமல் இருக்கும் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கும் எனக்கும் இதில் பாடம் இருக்கிறது.