நூறு பவுண்டுக் கம்பெனி

1982 ஏப்ரலில் யூஓசாட்-1 என்ற சின்னச் செயற்கைக்கோள் தன்னைத்தானே செவிடாக்கிக்கொண்டது. ஒரு மென்பொருள் பிழை. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் ஒரே சமயத்தில் ஆன் ஆகிவிட்டன. அந்த இரைச்சலில், தரையிலிருந்து வரும் கட்டளை எதுவும் அதன் ரிசீவர் காதில் விழவில்லை. "வாயை மூடு" என்று சொல்லலாம்தான், ஆனால் அதைக் கேட்க முதலில் அது வாயை மூட வேண்டுமே! கடைசியில் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு அருகே இருக்கும் 46 மீட்டர் டிஷ்ஷை இரவல் வாங்கி, அதன் வழியே உரக்கக் கத்தி, செப்டம்பரில் மீட்டார்கள். ரிமோட் சர்வரில் ஃபயர்வால் விதியை மாற்றித் தன்னையே வெளியே தள்ளிக்கொண்ட எவருக்கும் அந்த ஐந்து மாதம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும்.

அதைக் கட்டியது இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் உள்ள சர்ரே பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு. தலைமை மார்ட்டின் ஸ்வீட்டிங். விண்வெளிக்கென்றே தயாரான விலையுயர்ந்த பாகங்களை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் சாதாரணச் சிப்களை வைத்தே கட்டிப் பார்ப்போமே என்பது அவர்கள் யோசனை. மேலே போன பிறகும் கம்ப்யூட்டருக்குப் புது நிரல் அனுப்ப முடியும்படி அமைத்திருந்தார்கள். நம் தொழிலில் இது அன்றாட வேலை. அன்று அது துணிச்சல். 1984இல் யூஓசாட்-2ஐ ஏறக்குறைய ஆறே மாதத்தில் கட்டி முடித்தார்கள். 1985இல் கம்பெனி ஆனார்கள்: சர்ரே சாட்டிலைட் டெக்னாலஜி லிமிடெட், சுருக்கமாக எஸ்எஸ்டிஎல். ஆரம்ப முதலீடு நூறு பவுண்டு.

எனக்கு இந்தக் கதையில் சுவாரசியமே அவர்கள் எதை விற்றார்கள் என்பதுதான். செயற்கைக்கோளோடு சேர்த்து, அதைக் கட்டும் வித்தையையும் விற்றார்கள். தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனம் தன் மாணவர்களை சர்ரேவுக்கு அனுப்பியது. படித்துக்கொண்டே கூடவே கட்டினார்கள். 1992 ஆகஸ்டில் கிட்சாட்-1 ஏறியது, கொரியாவின் முதல் செயற்கைக்கோள். ஊருக்குத் திரும்பி, அடுத்த வருஷமே கிட்சாட்-2ஐச் சொந்த மண்ணில் கட்டினார்கள். பிறகு அந்தப் பொறியாளர்களே சாட்ரெக் இனிஷியேட்டிவ் என்று தனிக் கம்பெனி தொடங்கி, மலேசியாவோடு ரசாக்சாட், துபாயோடு துபாய்சாட்-1 என்று ஒப்பந்தம் போட்டார்கள். அமீரகப் பொறியாளர்கள் கொரியாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டார்கள். 2018இல் கலீஃபாசாட்டைத் தங்கள் ஊரிலேயே கட்டினார்கள். சர்ரே தன் போட்டியாளரைத் தானே வளர்த்துவிட்டது என்று இதைச் சொல்லலாம். முட்டாள்தனமான வியாபாரமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வித்தை இல்லையென்றால் கொரியா ஏன் கில்ட்ஃபோர்டுக்குப் போகப்போகிறது?

ஆனால் எல்லா வாடிக்கையாளரும் கொரியா ஆகவில்லை. பத்துப் பேர் பயிற்சி பெறலாம்; திரும்பி வந்ததும் அவர்களுக்கு அடுத்த செயற்கைக்கோள், அதற்கு அடுத்தது என்று வேலை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வித்தை துருப்பிடித்துவிடும். நம்ம ஆஃபீஸ் டிரெய்னிங் சான்றிதழ்கள் மாதிரி.

அடுத்த ஒப்பந்தம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு ஏழை நாடு ஒரே ஒரு செயற்கைக்கோள் வாங்கினால் ஒரே இடத்தைத் திரும்பப் படமெடுக்கப் பல நாள் ஆகும். நாலைந்து நாடுகள் ஆளுக்கொன்று வாங்கி, படங்களைப் பகிர்ந்துகொண்டால்? 2002 நவம்பரில் அல்ஜீரியாவின் அல்சாட்-1, 2003இல் நைஜீரியா, துருக்கி, பிரிட்டன். பேரிடர் கண்காணிப்புக் கூட்டம் என்று பெயர். 32 மீட்டர் துல்லியம்தான், ஆனால் ஒரே வீச்சில் 600 கிலோமீட்டர் அகலம். வெள்ளத்தைப் பார்க்க அது போதும். சோறில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று நைஜீரியாவையும் கேட்டார்கள். நமக்குப் பழகிய கேள்வி. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது அந்தப் பாதிப்பைப் படமெடுத்துக் கொடுத்தவற்றில் நைஜீரியாசாட்-1ம் ஒன்று.

நூறு பவுண்டில் எவ்வளவு தூரம்தான் போவது? பெரிய வேலைகளுக்குப் பெரிய முதல் வேண்டியிருந்தது. பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த பல்கலைக்கழகம் கம்பெனியை ஈஏடிஎஸ் ஆஸ்ட்ரியத்துக்கு விற்றது. 2009 தொடக்கத்தில் கைமாற்றம் முடிந்தது. அதன் பிறகு வந்த டிஎம்சி-3 திட்டத்தில் வாடிக்கையாளர் செயற்கைக்கோளே வாங்கவில்லை. பெய்ஜிங்கின் 21ஏடி நிறுவனம், மூன்று செயற்கைக்கோள்களின் படமெடுக்கும் திறனை மட்டும் ஏழு வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஒப்பந்தம் சுமார் 11 கோடி பவுண்டு. கிளவுட் வாடகை மாதிரியேதான். கற்றுக்கொடுப்பது என்ற பேச்சு அதில் இல்லை.

2015 ஜூலை 10 இரவு, சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி28 மூன்றையும் தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொன்றும் 447 கிலோ.