காப்பாற்றிய கால் மரம் ஏறுமா? கீழ்க்கால் திறந்த முறிவு ஆய்வுகளும் நாஞ்சில் நாட்டு உழைப்பும்

பனையேறுபவரின் கால்களைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தளைநாரைப் பாதங்களில் மாட்டி, உள்ளங்கால்களை உட்புறமாகத் திருப்பி மரத்தைக் கவ்வி, முட்டை மடக்கி, உடம்பின் மொத்தப் பாரத்தையும் ஒரே உந்தலில் மேலே தூக்குகிறார். கணுக்கால் சற்று விறைத்துவிட்டாலும் அந்த உந்தல் நடக்காது. பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் சரிவுகளில் விடியுமுன் பால் வெட்டுகிறவருக்கும், குளச்சல் கடலில் ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவருக்கும் காலிடம் உள்ள தேவை இதே அளவு கடுமையானது.

கீழ்க்கால் எலும்பு உடைந்து, தோலும் தசையும் கிழிந்து, முறிந்த முனை வெளியே தெரியும் திறந்த முறிவில் காலைக் காப்பதா, எடுப்பதா? இந்த முடிவை எடுக்க நல்ல அளவுகோல் தமிழ்நாட்டிலேயே பிறந்திருக்கிறது. எடுத்த முடிவு அந்த மனிதருக்கு உதவியதா என்று பின்னர் பார்ப்பதற்கான அளவுகோல்தான் நம்முடையதாக இல்லை என்பது என் வாதம்.

முட்டுக்குக் கீழே காலின் முன்புறத்தில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு தட்டுப்படும். டிபியா என்னும் இந்தப் பெரிய எலும்பின் உட்பக்கத்துக்குத் தசைப் போர்வை கிடையாது. அதனால்தான் தொடையில் அடிபட்டால் உள்ளேயே முடிந்துவிடக்கூடிய முறிவு, இங்கே தோலைக் கிழித்துக்கொண்டு சாலைப் புழுதியைத் தொடுகிறது. முறிந்த எலும்புக்குப் பெருமளவு இரத்தம் தருவது சுற்றியுள்ள சதை. சதை செத்தால் எலும்பு கூடாது, சீழ் பிடிக்கும். எலும்பு மருத்துவர்கள் கஸ்டிலோ, ஆண்டர்சன் இருவரும் 1976இல் திறந்த முறிவுகளைக் காயத்தின் கடுமையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரித்தார்கள். 1984இல் மூன்றாம் வகை ஏ, பி, சி எனப் பிரிந்தது. அப்போதும் 'மூன்று பி' என்ற ஒரே பெட்டிக்குள் எளிதில் ஆறும் காலும் ஆறவே ஆறாத காலும் சேர்ந்து கிடந்தன. காலைக் காப்பதா எடுப்பதா என்று கணிக்க 1990இல் வந்த 'மெஸ்' மதிப்பெண்ணும் இரத்த ஓட்டம் நின்ற கால்களுக்கே கூடுதலாகப் பொருந்தியது.

இந்த இடைவெளியை நிரப்பியது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை. எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை தருகிறது. நோயாளியின் நிலையைக் காட்டும் ஏழு கூறுகளுக்குத் தலா 2. மொத்தம் 29. 14 வரை என்றால் காலைக் காக்க முயலலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் அகற்றுவதே பெரும்பாலும் நல்லது. 15, 16 அனுபவமுள்ள குழு யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம். அந்த மருத்துவமனையில் எலும்புப் பிரிவும், அவர் சகோதரர் எஸ். ராஜசபாபதியின் பிளாஸ்டிக் அறுவைப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. எலும்பை நிறுத்துபவரும் சதையால் மூடுபவரும் முதல் நாளே ஒரே காயத்தைச் சேர்ந்து பார்க்காத இடத்தில் இப்படியொரு மதிப்பெண் உருவாகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த ஏழு கூறுகளில் இரண்டு நாஞ்சில் நாட்டுக்காரனை நிறுத்திப் படிக்க வைக்கும். காயம் பட்டு முதல் சுத்திகரிப்பு அறுவைக்கு 12 மணி நேரத்துக்கு மேலாவது ஒன்று. சாக்கடை, தொழு, வயல் அழுக்குப் படிவது இன்னொன்று. சேற்று வயலில் உடைந்த கால் ஓர் இரவு தாமதித்து வந்தால், காயத்தைப் பார்க்குமுன்பே கணக்கில் 4 ஏறிவிடுகிறது.

தாமதத்தைப் பேசும்போது வர்ம ஆசான்களை விட்டுவிட முடியாது. நாஞ்சில் நாடு அடங்கிய குமரி மாவட்டத்தில் எலும்பு முறிந்தால் ஆசானிடம் போய்க் கட்டுப் போடுவது தலைமுறை வழக்கம். தொட்டே முறிவை அறியும் அவர்களுடைய கை நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காயம் திறந்திருந்தால் கட்டு உதவாது. மூடிய முறிவிலும், வீங்கும் காலில் இறுக்கிய கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திக் காலையே அழுக வைக்கலாம். இதற்கு ஆசான்களை விரட்டுவது தீர்வாகாது. எத்தியோப்பியாவில் பாரம்பரிய எலும்பு வைத்தியர்களுக்கு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்த பிறகு, அழுகிய கால்கை அகற்றல்கள் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. கற்றுத்தர வேண்டியவையும் கொஞ்சமே: எலும்பு தெரிந்தால் தொடாமல் அனுப்புவது, விரல் நுனி மரத்தாலோ வெளுத்தாலோ கட்டை அவிழ்ப்பது.

மாவட்ட மருத்துவமனைகளில் வசதி போதாது என்ற சாக்கும் பெருமளவு பலவீனப்பட்டுவிட்டது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2015இல் வெளியான 'ஃப்ளோ' ஆய்வு, 2447 பேரின் திறந்த முறிவுகளைக் கழுவும் முறைகளை ஒப்பிட்டது. பீய்ச்சும் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் மறு அறுவை விகிதம் மாறவில்லை. சோப்புக் கரைசலில் அது 14.8 விழுக்காடு, வெறும் உப்புநீரில் 11.6. உயரத்தில் தொங்கும் சலைன் பையும், செத்த தசையைத் தயங்காமல் வெட்டி எடுக்கும் கையும் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் சாத்தியம். கத்தி பட்டால் சுருங்கி, இரத்தம் கசியும் தசையே உயிருள்ளது. அதைக் காண இயந்திரம் தேவையில்லை.

இனி முடிவுகளை அளப்பது. அமெரிக்காவின் எட்டு மையங்களில் 569 பேரைத் தொடர்ந்து 2002இல் வெளியான 'லீப்' ஆய்வு, ஈராண்டு முடிவில் கால் எடுத்தவர்களுக்கும் காப்பாற்றப்பட்டவர்களுக்கும் வாழ்க்கைச் செயல்பாட்டில் வேறுபாடில்லை என்றது. வேலைக்குத் திரும்பியவர்கள் முறையே 53.0, 49.4 விழுக்காடு. காப்பாற்றப்பட்டவர்களே மீண்டும் மருத்துவமனையில் சேர்வது அதிகம்: 47.6, மற்றவர்கள் 33.9. இதைக் காட்டி, 'சிரமப்படாமல் எடுத்துவிடலாம்' என்று இங்கே சொன்னால் அது பிழை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற வழியுள்ள சமூகத்தின் எண் அது. பனையும் வள்ளமும் அந்த வழியைத் தருவதில்லை. வறுமை, குறைந்த கல்வி, ஆதரவின்மை ஆகியவை விளைவை மோசமாக்கின என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதைவிட வீட்டு நிலை கனமானது என்பதே அதில் நமக்கான பகுதி.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரச் செலவைத் தாங்கி உயிரைப் பிடித்து வைக்கிறது. அதன் அருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் திறந்த முறிவின் கதை மாதக்கணக்கில் நீள்கிறது. சதை மூடல், எலும்பு கூடுதல், சில வேளை எலும்பு ஒட்டு, பிறகு கணுக்காலுக்கான பயிற்சி. அவ்வளவு காலமும் கூலி கிடையாது. கால் அகற்றப்பட்டவருக்கு 1968இல் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைப் பாதம் ஒரு நல்ல பாடம்: குந்தி உட்காரவும், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் ஏற்றபடி, இந்தியர் வாழும் முறையிலிருந்து வடிவமைக்கப்பட்டது அது. மதிப்பீட்டுப் படிவத்தையும் அப்படியே செய்ய முடியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ வேறெங்கோ ஆறாம் மாதமும் ஓராண்டிலும் நோயாளியிடம் இவற்றைக் கேட்டு எழுதி வைத்தால் போதும்: குந்தி உட்கார முடிகிறதா? ஈரத் தரையில் வழுக்காமல் நிற்கிறாரா? சரிவில் இறங்குகிறாரா? தளைநார் மாட்டினாரா, எத்தனை மரம் ஏறினார்?